திம்மப்பன் வீட்டு வீணைக் கச்சேரி

"திம்மப்பன் வீட்டுல வீணைக் கச்சேரி. மைசூர்ல இருந்து வித்வான் வர்றாரு. நீயும் வா" என்று அண்ணன் கங்கப்பன் கூப்பிட்டபோது சாந்தம்மாவுக்கு நம்பவே முடியவில்லை. ஓசூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் வருஷத்திலிருந்து அவளிடம் முகம் கொடுத்துப் பேசாத அண்ணன். வீணையை அவள் ரேடியோவில்தான் கேட்டிருக்கிறாள், அதுவும் யார் வீட்டு ஜன்னலோரமோ நின்று. இருந்ததில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு அண்ணனின் மாட்டுவண்டியில் ஏறினாள்.

திம்மப்பன் பட்டு வியாபாரி. வீட்டுக்கூடம் சின்னது. தெருவில் போகும் சந்தை மாடுகளின் சத்தம் கேட்கக் கூடாதென்று ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். வாசற்கதவுக்கு முன்னால்தான் வித்வானுக்கு இடம் கிடைத்திருந்தது. சாந்தம்மாவைச் சுவரோரமாக உட்காரவைத்தார்கள். பக்கத்தில் கெம்புத்தோடு போட்ட ஓர் அம்மாள் இடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

வித்வான் கல்யாணி ராகத்தைத் தொட்டார். முதல் மீட்டலிலேயே சாந்தம்மாவுக்கு உடம்பு சிலிர்த்தது. அப்போது அந்த அம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வாத்தியார் வேலையாமே, கண்ணு? அதை உட்டுடலாம். அதோ தூணோரமா எங்க பையன் சென்னகிருஷ்ணன். பாத்துக்கோ. சூளகிரில எம்பது ஏக்கரா."

தூணோரமிருந்தவன் வீணையைப் பார்க்கவில்லை. சந்தையில் மாடு பிடிக்க வந்தவன் போல இவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சாந்தம்மா அண்ணனைத் தேடினாள். அவன் வேறு பக்கம் திரும்பித் தொடையில் தாளம் போட்டான். தாளம் தப்பிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ஒரு ஸ்வரமும் காதில் ஏறவில்லை. மணிக்கட்டில் பிடி தளரவில்லை. புழுக்கத்தில் மூச்சு முட்டியது.

"கொஞ்சம் வெளிய போயிட்டு வர்றேனுங்க."

"நடுவுல எந்திரிச்சா வித்வானுக்கு மரியாதைக் குறைச்சல். உக்காரு."

சாந்தம்மா கையை உதறிக்கொண்டு எழுந்தாள். முழங்கால்களைத் தாண்டி, முணுமுணுப்புகளைத் தாண்டிப் போனாள். வித்வான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். வாசிப்பை நிறுத்தாமலே வீணையைத் தன் பக்கம் சற்று இழுத்து வழிவிட்டார்.

வெளியே வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். இருட்டிய பிறகு தனியே எங்கே போவது? சாத்திய கதவு வழியாக வீணை மெல்லக் கசிந்து வந்தது. இப்போதுதான் கேட்டது. கேட்கக் கேட்க அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கச்சேரி முடிந்ததும் அந்த அம்மாள் நேரே வண்டிக்கு வந்தாள், கையில் வெற்றிலை பாக்குத் தட்டோடு. பின்னாலேயே அண்ணன் ஓடி வந்தான்.

"மன்னிச்சுக்கோங்க, அவளுக்கு எப்பவுமே இந்தத் திமிரு..."

"என்னாத்துக்கு மன்னிப்பு? அத்தினி பேர் முன்னால எந்திரிச்சுப் போனாளே! ஆளுங்களை அதட்டி வேலை வாங்க எங்களுக்கு இப்பிடி ஒருத்திதான் வேணும்."

தட்டைச் சாந்தம்மாவின் மடியில் வைத்தாள்.

"எனக்கு இஷ்டமில்லீங்க" என்றாள் சாந்தம்மா. சத்தமாகத்தான் சொன்னாள்.

"வெக்கப்படுது" என்று அம்மாள் சிரித்தாள். அண்ணனும் சிரித்தான். ஏறி உட்கார்ந்து மாட்டைத் தட்டினான்.

வண்டி குலுங்கிப் புறப்பட்டது. மடியிலிருந்த தட்டு சரிந்துவிடாமல் இருக்க, அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.