ஏழாவது பெட்டி

என் தங்கை புருஷனுக்கு நான் வைத்திருக்கும் பெயர் மைக்ரான். லிஃப்ட் தயாரிக்கும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். எட்டு மணி நேரம் போல்ட்டையும் இரும்புக் கயிற்றையும் அளந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் கதவு இடுக்கை அளப்பார். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காகப் போட்டால் அதில் ஒரு பங்குதான் மைக்ரான். அவருடைய பாசமும் அந்த அளவுதான் என்று தங்கையிடம் வாயை விட்டு, மூன்று மாதம் எங்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லாமல் போனது.

அன்று கடை திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அவர் உள்ளே வந்தார். பின்னால் தங்கை.

"வாங்க மாப்பிள்ளை" என்றேன். வாய்தான் சொன்னது.

"வர்றேன் மச்சான்" என்று கண்ணாடி மேசை மேல் ஒரு தோல் பையை வைத்து ஜிப்பை இழுத்தார். ஸ்டீல் ஸ்கேல், டார்ச், பூதக்கண்ணாடி, கொஞ்சம் பஞ்சு, ஃபீலர் கேஜ் என்று சொல்கிற மெல்லிய இரும்புத் தகடுகளின் கொத்து. இடைவெளிக்குள் தகட்டைச் செருகி எவ்வளவு என்று பார்ப்பதற்கு. ஆபரேஷன் செய்ய வருகிற டாக்டர்கூட இவ்வளவு தூக்கிக்கொண்டு வர மாட்டார்.

நான் இந்தக் கடையில் கிட்டார் சரிபார்க்கிறவன். கப்பலில் வருகிற எலக்ட்ரிக் கிட்டார்களைப் பெட்டி பிரித்து, கழுத்து நேராக இருக்கிறதா, தந்தி சரியான உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்து, கோளாறு இருந்தால் சரிசெய்து, 'சரிபார்க்கப்பட்டது' என்ற அட்டையில் கையெழுத்துப் போட்டு மூடி வைப்பது என் வேலை. சொல்லக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இருநூறு பெட்டி வந்து இறங்கினால் முதலாளி எனக்குக் கொடுப்பது மூன்று நாள். இருபதைத் திறப்பேன். இருநூறுக்கும் கையெழுத்துப் போடுவேன்.

அப்படித் திறக்காமல் கையெழுத்துப் போட்ட ஒன்றைத்தான் போன வருடம் தங்கைக்குக் கொடுத்தேன். "நானே பார்த்தேன், பூ மாதிரி இருக்கு" என்று வேறு அளந்தேன். அவளுடைய முதல் பெரிய மேடை. இரண்டாவது பாட்டுக்கு நடுவில், உள்ளே ஒழுங்காகப் பற்றவைக்காத வயர் ஒன்று கழன்று கிட்டார் ஊமையாகிவிட்டது. இவள் தந்தியை அடித்துக்கொண்டே இருக்கிறாள், டிரம் மட்டும்தான் கேட்கிறது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்களாம். அந்தக் குழு அவளை அப்புறம் கூப்பிடவே இல்லை.

இப்போது வேறொரு குழு சேர்த்துக்கொண்டிருக்கிறது. வியாழக்கிழமை கிளம்பினால் வரிசையாக ஆறு ஊர். மைக்ரான் வேறு கடைக்குப் போகலாம் என்றிருக்கிறார். இவள்தான் சண்டை போட்டு இங்கே இழுத்து வந்தாள். மூன்று நாளைக்கு முன்பே போனில் சொன்னாள்: "அவர்கிட்ட உனக்காகப் பேசிப் பேசி எனக்கு வாய் வலிக்குதுண்ணே. இந்தத் தடவையும் ஏமாத்திட்டேன்னா, இனிமே உன்கிட்ட எதுக்கும் வந்து நிக்க மாட்டேன்." அவள் மிரட்டுகிற ரகம் இல்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆகவே ஒன்றைப் பொறுக்கி, இரண்டு நாள் உட்கார்ந்து, உண்மையாகவே பார்த்து வைத்திருந்தேன். அதைத்தான் முதலில் எடுத்துக் கொடுத்தேன். மைக்ரான் டார்ச் அடித்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தார். பிறகு உடம்பின் பின்பக்கத்தில் விரலை வைத்தார்.

"பாலிஷுக்கு அடியில தூசி."

கடுகில் பாதிகூட இல்லை. "அது சத்தத்துக்கு ஒண்ணும் பண்ணாது மாப்பிள்ளை. வயித்துல ஒட்டிக்கிட்டு இருக்கிற பக்கம். யாரு பார்க்கப் போறா?"

"நான் பார்த்துட்டேனே. இந்த மாடல்ல எத்தனை பெட்டி இருக்கோ எல்லாத்தையும் கொண்டு வாங்க."

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்க வேண்டும். கல்லாவில் இருந்த முதலாளி குரல் கொடுத்தார். "கேட்டா காட்டுப்பா. எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு சார், கை படாத ரோஜா."

கை படவில்லை என்பது சரிதான். என் கையும் படவில்லை. இரண்டாவது கிட்டாரின் கழுத்து ஓரத்தில் மைக்ரான் பஞ்சை வைத்து இழுத்தார். குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளின் முனையில் பஞ்சு மாட்டி மாட்டி வந்தது. ஈரமான நாட்டில் செய்து காய்ந்த ஊருக்கு வந்தால் மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது, முனை வெளியே நீட்டும். ராவி எடுக்க வேண்டியது நான். அடுத்ததன் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கியிருந்தது. நாலாவதை ஆம்ப்ளிஃபயரில் செருகிக் குமிழைத் திருகினால் கரகரவென்று எண்ணெயில் வடை பொரிகிற சத்தம். ஐந்தாவதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. தந்தியை முறுக்குகிற ஒரு சாவிக்குத் திருகாணியே இல்லை.

ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் அட்டையை எடுத்துச் சத்தமாகப் படித்தார் அந்த மனிதர். "சரிபார்க்கப்பட்டது. கையெழுத்து யாரோடது இது? அட, நம்ம மச்சானோடது." கடையில் அப்போது நாலைந்து பேர் இருந்தார்கள். டிரம் குச்சி வாங்க வந்தவன்கூடக் குச்சியை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தான். அவர் கழுத்தைப் பிடித்துக் கிட்டார் பெட்டிக்குள் திணித்து மூடிவிடலாமா என்றிருந்தது. தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறாவதும் தேறவில்லை.

"உள்ள இன்னொண்ணு தெரியுதே" என்றார், சரக்கறைக் கதவு வழியாக எட்டிப் பார்த்து. அடியில் தனியாகக் கிடந்த பெட்டி.

அந்தக் கிட்டார் வந்திறங்கியபோது பெட்டி ஒரு முனையில் நசுங்கியிருந்தது. பிரித்தால், கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் மரம் சாய்வாகப் பிளந்து, தலை தந்தியில் தொங்கிக்கொண்டிருந்தது. முதலாளி பார்த்துவிட்டு, "ஒட்டிடு. புதுசாவே போகட்டும்" என்றார். நான் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. நாலு நாள். பசையைப் பிளவின் அடிவரை இறக்கி, கிளாம்ப் போட்டு இறுக்கி, தேய்த்து, மரத்தின் நிறத்துக்கு நிறம் கலந்து, அதன் மேல் மெல்லிய மெல்லியதாகப் பாலிஷ் ஏற்றினேன். முடிந்ததும் எங்கே ஒட்டினேன் என்று எனக்கே தேட வேண்டியிருந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. அதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. கிட்டாருக்கு முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தெரியாத யாராவது ஒருவன் தலையில் கட்டலாம் என்று அடியில் போட்டு வைத்திருந்தோம்.

தூக்கிக்கொண்டு வரும்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து அவர் பூதக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தத் துடைப்பைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். பெரிய கண் உன்னுடையது, கண்டுபிடி பார்க்கலாம்.

முக்கால் மணி நேரம் அளந்தார். கழுத்து நேர். முனைகள் வழுவழு. தந்தி உயரம் தகட்டுக் கணக்குக்கு அப்படியே பொருந்தியது. எல்லாம் நான் வைத்தது. பிறகு டார்ச் வெளிச்சம் கழுத்தின் பின்பக்கமாக ஏறி, தலை சேரும் இடத்தில், சரியாக என் ஒட்டின் மேல் வந்து நின்றது. கண்ணாடியை அதன் மேல் வைத்தார். கண்ணாடி நகர்ந்து மேலே போய்விட்டது.

எனக்கு உள்ளுக்குள் தலைகால் புரியவில்லை.

"இதுதான் சரக்கு" என்றார் மைக்ரான், நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டு. "எங்கயோ எவனோ ஒருத்தன் தொழிலை மதிச்சுச் செஞ்சிருக்கான். அவன் கைக்கு மோதிரம் போடலாம். உங்க கையெழுத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல மச்சான்."

நான் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த நாளிலேயே நான் மனதாரச் சிரித்தது அப்போதுதான்.

தங்கை அதை மாட்டிக்கொண்டு ஆம்ப்ளிஃபயரில் செருகி வாசித்தாள். முதலில் பயந்து பயந்து, பிறகு கண்ணை மூடிக்கொண்டு. முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த குஷியெல்லாம் வடிந்துபோனது. ஆறு ஊர். வேனில் ஏற்றுவார்கள், இறக்குவார்கள், யாராவது தட்டிவிடுவார்கள். ஒட்டு நிற்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னால் செய்திருக்க மாட்டேன்.

"அதை எடுக்காதே" என்றேன்.

"ஏன்?"

"தலை ஒடிஞ்சு வந்த பீஸ் அது. நான்தான் ஒட்டினேன்."

முதலாளி கல்லாவை விட்டு எழுந்தார். "சும்மா விளையாடுறான் சார். பொழுது போகலன்னா இப்படித்தான்."

மைக்ரான் கிட்டாரை வாங்கித் திருப்பினார். "எங்க? காட்டுங்க."

விரலை வைத்துக் காட்டினேன். கண்ணாடி வைத்துப் பார்த்தார், டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தார், நகத்தால் வருடினார். "ஒண்ணுமே இல்ல. நான் பொறுக்கினது நல்லதா இருக்கக் கூடாது. அதானே உங்க வயித்தெரிச்சல்?"

நான் தங்கையைப் பார்த்தேன். "உண்மையாத்தான் சொல்றேன்."

"போன வருஷமும் இதே மூஞ்சியை வச்சுக்கிட்டுத்தான் 'நானே பார்த்தேன்'னு சொன்ன" என்றாள்.

அதற்கு மேல் பேசிப் பயனில்லை. என் மேசையிலிருந்து பிளேடை எடுத்தேன். "கை வச்சேன்னா இன்னையோட உனக்கு வேலை இல்ல" என்றார் முதலாளி. மைக்ரான் கையிலிருந்து கிட்டாரைப் பிடுங்கி, மடியில் கவிழ்த்து, சுரண்டினேன். பாலிஷ் சுருள் சுருளாக வந்தது. அடியில் மரம். கோடு இல்லை.

"பாத்தீங்களா சார்?" என்றார் முதலாளி.

இன்னும் சுரண்டினேன். அப்போதும் இல்லை. என் வேலையே எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. மூன்றாவது முறை மரத்துக்குள்ளேயே பிளேடை இறக்கிவிட்டு, விரலை எச்சில் தொட்டுத் தேய்த்தேன். ஈரம் இறங்கியதும் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு, சாய்வாக, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை.

மைக்ரான் முகத்தில் ஈயாடவில்லை. முதலாளி கையை நீட்டினார். சரக்கறைச் சாவியை அதில் வைத்தேன். உண்மையைச் சொன்னால், அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. தங்கை என்ன சொல்லப்போகிறாள் என்றுதான் காத்திருந்தேன். வேலையை விட்டுக்கொடுத்திருக்கிறேன். இதைவிட ஒருவன் என்ன செய்ய முடியும்?

அவள் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். "இந்தப் பெட்டியை உள்ளேருந்து தூக்கிட்டு வந்தது நீதானே?"

"ஆமா."

"அப்பவே தெரியும்ல?"

"தெரியும்."

"அவர் குனிஞ்சு குனிஞ்சு அளந்தப்ப நீ பக்கத்துலயே நின்ன. நான் கிட்டாரைப் பார்க்கலண்ணே, உன்னைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். எல்லாம் சரியா இருக்கு, அதான் அண்ணன் சந்தோஷமா இருக்கான்னு நினைச்சேன்."

நான் பிளேடை மேசையில் வைத்தேன்.

"அவர் உன்னை நாலு பேர் முன்னாடி அவமானப்படுத்தினாரு. தப்புதான். அதை வீட்டுல போய்க் கேட்டுக்கறேன். ஆனா அவர் அளந்தது எனக்காக. நீ வாயை மூடிக்கிட்டு நின்னது யாருக்காக?"

பதில் எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அதனால்தான் அவள் பதிலுக்காக நிற்கவில்லை.

மைக்ரான் தகடுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் வைத்தார். ஜிப்பை மூடிவிட்டு அவளிடம் சொன்னார், என்னிடம் இல்லை: "நான் பார்த்திருக்கணும். கண்ணாடி வச்சும் விட்டுட்டேன். என் தப்பு." அவ்வளவு சுலபமாகச் சொன்னார். இருபது வருடமாக அட்டை அட்டையாகக் கையெழுத்துப் போட்டவன் நான். அந்த இரண்டு வார்த்தை ஒரு நாளும் என் வாயில் வந்ததில்லை. அப்போதும் வரவில்லை.

அவர்கள் வாசலைத் தாண்டும்போது பின்னாலேயே போனேன். "வேற கடைக்குத்தானே போறீங்க? நானும் வர்றேன். எனக்குத்தான் இனிமே வேலை இல்லையே, கூட இருந்து பார்த்துக் குடுக்கறேன்."

தங்கை நின்றாள். கோபமாகக்கூட இல்லை அவள் முகம்.

"வேண்டாம்" என்றாள். "அவர் பார்த்துக்குவாரு."