கண்ணில் விழும் ஜன்னல்

குழந்தையின் கண்ணுக்குள் ஜன்னல் விழ வேண்டும். கருவிழியின் மேல் ஓரத்தில், அரிசி மணி அளவுக்கு ஒரு வெள்ளைச் சதுரம். அது விழாத படத்தைப் புகைப்படக்காரி யாருக்கும் கொடுப்பதில்லை. மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் அந்த முகம் பூட்டிய வீடு மாதிரி இருக்கும் என்பாள்.

அதனாலேயே அவள் ஸ்டுடியோ வைக்கவில்லை. வீடு வீடாகப் போனாள். ஒரு கேமரா, இரண்டு லென்ஸ், மடித்த வெள்ளைப் போர்வை, அவ்வளவுதான் அவள் பை. செருப்பைக் கழற்றியதும், வீடு வாங்க வந்தவள் போல அறை அறையாக ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு நடப்பாள். மதிய வெளிச்சம் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒவ்வொரு விதமாக நுழைகிறது என்பதும், சில வீடுகளில் அது விருந்தாளி போல வாசலோடு தயங்கி நின்றுவிடுகிறது என்பதும் அவளுக்குத் தெரியும். அதைத் தவிர வேறெதையும் அவள் வீடுகளில் கவனிப்பதில்லை.

இந்த வீட்டில் கதவைத் திறந்தது குழந்தையின் சித்தி.

“வாங்க வாங்க. சுண்டெலி காலையிலேர்ந்து தலை வாரிக்கிட்டு ஆடாம அசையாம உக்காந்திருக்கா. இப்படி ஒரு அதிசயத்த நாங்க பாத்ததே இல்ல.”

“நான் எலி இல்ல,” என்றது உள்ளிருந்து ஒரு குரல். “நான் ஸ்கூலுக்குப் போகப் போறேன்.”

“ஸ்கூலுக்குப் போற எலி.”

குழந்தையின் அம்மா மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அரை நாள் லீவு போட்டுவிட்டுச் சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். பள்ளிக்கூடம் சேருவதற்கு முன்னால் பெண்ணுக்கு நல்லதாக ஒரு படம் வேண்டும் என்று அவள்தான் கேட்டிருந்தாள்.

கூடத்தைப் பார்த்ததும் புகைப்படக்காரி உதட்டைப் பிதுக்கினாள். எதிரெதிரே இரண்டு ஜன்னல்கள். படுக்கையறையில் சுவரோடு ஒரு மர அலமாரி நின்றது. அதன் பின்னாலிருந்து, மூடிய புத்தகத்தில் வைத்த நூல் போல, ஒரு கோடு வெளிச்சம் எட்டிப் பார்த்தது.

“அதுக்குப் பின்னாடி ஜன்னல் இருக்கா, அக்கா?”

“இருக்கு. தெருப் பக்கம். அது வேண்டாம்,” என்றாள் அம்மா. “அலமாரி ரொம்பக் கனம்.”

“அதுதாங்க்கா வேணும். இந்த நேரத்துக்கு அங்க வெயில் நேரா அடிக்காது, பால் மாதிரி இறங்கும். கூடத்துல எடுத்தா ரெண்டு பக்கமும் வெளிச்சம். முகம் காகிதத்துல வெட்டி ஒட்டின மாதிரி வரும்.”

“எங்கக்கா மூஞ்சி எப்பவுமே அப்படித்தான்,” என்றாள் சித்தி.

அம்மா சிரிக்கவில்லை. “கூடத்துலயே எடுத்துடுங்களேன். சுமாரா வந்தாலும் பரவாயில்ல.”

சுமார் என்ற சொல் புகைப்படக்காரிக்குச் சுருக்கென்றது. “சுமாரா எடுக்க போன் போதுமேக்கா. அதுக்கு நான் எதுக்கு?”

அம்மா தங்கையைப் பார்த்தாள். தங்கை தரையைப் பார்த்தபடி, “எடுத்து முடிச்சதும் திரும்பத் தள்ளிடலாம்க்கா,” என்றாள், குரலை இறக்கி.

மூன்று பேரும் தோள் கொடுத்தார்கள். அலமாரி முனகிக்கொண்டு நகர்ந்தது. ஜன்னலைத் திறந்ததும் அறை வேறொரு அறையாகிவிட்டது. தூசி கூட அழகாக மிதந்தது. சொன்னேன் பார்த்தீர்களா என்ற முகத்தோடு புகைப்படக்காரி திரும்பினாள்.

“டியூப் லைட்ட அணைச்சிடுங்க. ரெண்டும் கலந்தா ஒரு கன்னத்துல மட்டும் மஞ்சக்காமாலை வந்துடும்.”

குழந்தையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் முக்காலியில் உட்கார வைத்தாள். நிழல் விழும் பக்கம் அம்மா வெள்ளைப் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டாள். போர்வையில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் இருண்ட கன்னத்தை மெல்லத் தொட்டது. புகைப்படக்காரி தரையில் மண்டியிட்டுக் குழந்தையின் கண் உயரத்துக்குக் கேமராவைக் கொண்டுவந்தாள்.

சுண்டெலி பல் டாக்டரிடம் காட்டுவது போல எல்லாப் பல்லையும் காட்டினாள்.

“கேமரா அக்கா, நான் நல்லா சிரிக்கிறேனா?”

“ரொம்ப நல்லா. கொஞ்சம் சிரிக்காம இரேன், செல்லம்.”

ஆனால் குழந்தை லென்ஸையே பார்த்துக்கொண்டிருந்தது. கண் முழுக்கக் கறுப்பு. சித்தி குரங்கு போலக் குதித்தாள், பூனை போலக் கத்தினாள். குழந்தை அவளைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு மறுபடி லென்ஸுக்குத் திரும்பியது. ஜன்னல் விழவே இல்லை.

இந்த மாதிரி நேரத்துக்கென்று புகைப்படக்காரியிடம் ஒரு வாக்கியம் இருந்தது. எந்த வீட்டிலும் அது பலித்தது. அந்த வீடுகளில் அப்பா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார், அல்லது கடைக்குப் போயிருப்பார், இல்லாவிட்டால் சாயங்காலம் வந்துவிடுவார். அது பொய் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. லென்ஸ் மாதிரி, பையில் கிடக்கும் இன்னொரு சாமான்.

“அதோ, தெருவுல அப்பா வர்றாங்க பாரு!”

குழந்தை திரும்பியது. முகம் முழுவதும் கண்ணுக்கு ஏறிவிட்டது போலிருந்தது. உதடு லேசாகப் பிரிந்தது. மூச்சு நின்றது. இரண்டு கருவிழிகளிலும் ஜன்னல் கம்பிகள்கூடத் தெரியும்படி வெள்ளைச் சதுரம் விழுந்தது. புகைப்படக்காரி விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தாள். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு முகம் அவளுக்குக் கிடைத்ததில்லை.

திடீரென்று நிழல் பக்கக் கன்னம் இருண்டது. போர்வை சரிந்திருந்தது.

“அக்கா, துணி! துணிய இறக்காதீங்க!”

அம்மா அதை மறுபடி உயர்த்திப் பிடித்தாள்.

குழந்தை முக்காலியின் மேல் ஏறி நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டது. “எங்க? எந்தப் பக்கம் வர்றாங்க?”

“சும்மா சொன்னேன்டா செல்லம்,” என்று புகைப்படக்காரி சிரித்துக்கொண்டே எழுந்தாள். வழக்கமாக இந்த இடத்தில் வீடே சிரிக்கும். சித்தி கையால் வாயைப் பொத்தியிருந்தாள். அம்மா போர்வையை இன்னும் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

“சும்மா இல்ல,” என்றது குழந்தை, தெருவை விட்டுக் கண்ணை எடுக்காமல். “நீங்க பாத்தீங்க.”

சித்தி புகைப்படக்காரியைக் கூடத்துக்கு இழுத்து வந்தாள்.

“அவர் இப்ப வேற வீட்டுல இருக்கார். வேற குடும்பம்.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே,” என்று புகைப்படக்காரியின் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகுதான் அது காதில் விழுந்தது.

“படம் எடுக்க வர்றவங்க எல்லார்கிட்டயும் இத முதல்ல சொல்லணுமா?” சித்தியின் குரலில் விளையாட்டு இல்லை. “சாயங்காலமானா குழந்தை அந்த ஜன்னல்லயே நிப்பா. வேலையா போயிருக்கார், வந்துடுவார்னு நான் சொல்லப் பாத்தேன். அக்கா என்னைத்தான் திட்டினா. அவகிட்ட நேராவே சொன்னா, அப்பா இனிமே இங்க வர மாட்டாங்கன்னு. எவ்வளவு அழுகை தெரியுமா? அப்புறம்தான் அலமாரிய அங்க தள்ளினோம். இப்பத்தான் கேக்கறத விட்டிருந்தா.”

புகைப்படக்காரி கேமராவின் திரையைப் பார்த்தாள். அந்த முகம் அங்கே இருந்தது. அழகாக வந்திருக்கிறது என்று மனசு முதலில் சொல்லிற்று. மற்றது எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. தன் மனசு எந்த வரிசையில் வேலை செய்கிறது என்று தெரிந்ததும் அவளுக்குக் காது மடல் வரை சுட்டது. குழந்தை மூச்சை நிறுத்திய நேரத்தில், தாயைப் போர்வையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி அதட்டியிருக்கிறாள். அந்தத் தாயும் தூக்கிப் பிடித்திருக்கிறாள்.

அம்மா கூடத்துக்கு வந்தாள். போர்வையை மடித்து நாற்காலியில் வைத்தாள்.

“எல்லாத்தையும் அழிச்சிடறேன்க்கா.”

“அழிச்சா உங்களுக்கு நிம்மதி. படத்தப் பத்தி யார் கேட்டா?” என்றாள் அம்மா. சத்தமாகப் பேசவில்லை. “அவ கேக்கறா, நீ சொன்னது பொய்யா, கேமரா அக்கா சொன்னது பொய்யான்னு. நான் என்ன சொன்னாலும் இப்ப நம்ப மாட்டா. நீங்கதான் சொல்லணும்.”

“தப்பா பாத்துட்டேன்னு சொல்லட்டுமா? யாரோ அப்பா மாதிரி போனாங்கன்னு...”

“அப்ப அவ தினமும் அந்த ‘மாதிரி’யத் தேடுவா.”

புகைப்படக்காரி கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றி மேஜையில் வைத்தாள். கைக்கு எதுவும் இல்லாமல் ஒரு குழந்தையின் முன்னால் போய் நிற்பது அவளுக்குப் பழக்கமில்லை. அறைக்குள் போய் முக்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். அம்மா அறை வாசலில் நின்றாள்.

“எந்தச் சட்டை போட்டிருந்தாங்க?” என்றது குழந்தை, திரும்பாமல்.

“நான் பாக்கல.”

“பாத்தேன்னு சொன்னீங்க.”

“பொய் சொன்னேன். தெருவுல யாருமே வரல. நான் தெருவப் பாக்கவே இல்ல.”

குழந்தை இப்போது திரும்பியது. “அப்ப அம்மா?”

“அம்மா சொன்னதுதான் நிஜம்.”

“பெரியவங்க ஏன் பொய் சொல்றீங்க?”

வெளிச்சத்தைப் பற்றியும் கண்ணைப் பற்றியும் அவள் சொல்லியிருக்கலாம். எல்லா வீட்டிலும் சொல்வது வழக்கம் என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டும் நாக்கு நுனிவரை வந்து அசிங்கமாக நின்றன.

“படம் நல்லா வரணும்னு,” என்றாள் கடைசியில்.

குழந்தை முக்காலியிலிருந்து பின்பக்கமாக இறங்கியது. நடந்துபோய் அம்மாவின் சீருடையைப் பிடித்துக்கொண்டது.

“அம்மா, கேமரா அக்கா பொய் சொல்லிட்டாங்களாம்.”

“கேட்டேன்.”

“திட்டு.”

“நீயே திட்டு.”

குழந்தை யோசித்தது. தனக்குத் தெரிந்த வசவுகளில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை போலிருந்தது. உதடு கோணியது. முகத்தைச் சீருடைக்குள் புதைத்துக்கொண்டது. தோள் குலுங்க ஆரம்பித்தது. முன்பு அழுதுதீர்த்த அழுகையை அது மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருந்தது.

அழுகைக்கு நடுவே, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “பொய்னு அவங்களே சொல்லிட்டா சரியாயிடுமா?” என்று கேட்டது.

புகைப்படக்காரி தலைகுனிந்து காத்திருந்தாள். அம்மா குழந்தையின் வாரிய தலையைக் கலையாமல் தடவினாள்.

“ஆகாது,” என்றாள்.