விஸ்டேரியாவும் கட்டாக்காலி மாடுகளும்

மாடு பூக்கன்றைத் தின்றால் மாட்டைக் குறை சொல்லக்கூடாது என்று எங்கள் ஊரில் நியாயம் பேசுவார்கள். சரி, சொல்லவில்லை. வாசல் படலையைத் திறந்துவிட்டவரைச் சொல்லலாம் அல்லவா? அதைத்தான் மாதக்கணக்காக என் புருஷன் வினோதனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு மல்லாவியில் சொந்தக்காரப் பிள்ளை ஒன்று பெரியவளான சாமத்திய வீடு. நான் காலையிலேயே பஸ்ஸில் போய்விட்டேன். வினோதன் மேசன் வேலையை அரைநாளோடு முடித்து, வீட்டைப் பூட்டி, மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். பொழுதுபடத் திரும்பி வந்தால் படலை ஆவென்று திறந்து கிடக்கிறது. ஊர் சுற்றும் கட்டாக்காலி மாடுகள் முற்றத்தில் சொந்த வீடுபோலப் படுத்து அசைபோடுகின்றன. குரோட்டன், அந்தூரியம், செவ்வந்தி, கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து நான் சேர்த்ததெல்லாம் சாணத்தோடு மிதிபட்டுக் கிடந்தன. பெயின்ற் வாளியில் நின்ற விஸ்டேரியாக் கொடியை ஒரு மாடு முதுகு தேய்த்து வேரோடு சாய்த்துவிட்டது.

அந்தக் கொடி கனடாவிலிருந்து வந்தது. தங்கச்சி டக்சாயினி வாழ்த்து மட்டைக்குள் ஒளித்து அனுப்பிய விதைகள். தோல் கல்லுப்போல இருக்கும். பாதியை அம்மிக்கல்லில் உரசி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, தயிர்ச்சட்டியில் போட்டேன். ஒன்றுதான் முளைத்தது, அதைத்தான் பிறகு வாளிக்கு மாற்றினேன். கொத்துக்கொத்தாகத் தொங்கும் அதன் ஊதாப் பூவை நான் போனில் மட்டுந்தான் பார்த்திருக்கிறேன். வன்னி வெக்கைக்கு அது பூக்காது என்று தங்கச்சியே சொன்னாள். பூக்காவிட்டால் போகட்டும், இலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

"நீங்கள்தானே கடைசியாப் போனது. படலைக் கம்பியை மாட்டிக் கொழுவினீங்களோ?"

"கொழுவினனான் சிவரூபி."

"கொழுவின படலை தானாத் திறக்குமே?"

எனக்கு வாய் ஓயவில்லை. சோறு போடும்போதும் சொன்னேன், துணி துவைக்கும்போதும் சொன்னேன். சொந்தக்காரர் முன்னாலும் சொன்னேன். மனுஷன் போகப்போக, "கொழுவினனான் எண்டுதான் நினைக்கிறன்" என்றார். பிறகு அதையும் விட்டுவிட்டார். வேலைக்குப் புறப்பட்டால் சந்திவரை போய்த் திரும்பி வந்து படலையின் கம்பியை இழுத்துப் பார்ப்பார். பார்க்கட்டும் என்று நான் குசினி அடுப்படியில் நின்றேன்.

காசு கொடுத்துக் கன்று வாங்க எங்களுக்கு வழியில்லை. முன்பு யார் யாருக்கு நடுவதற்குத் தடி முறித்துக் கொடுத்தேனோ அவர்கள் வீடெல்லாம் ஏறி இறங்கினேன். அரைவாசிப் பேர் தந்தார்கள். மற்றவர்கள் இன்றைக்கு வெள்ளிக்கிழமை, வீட்டிலிருந்து ஒன்றும் கொடுக்கக்கூடாது என்றார்கள். என்னிடம் வாங்கிய அன்றைக்கு எந்தக் கிழமை என்று கேட்க நாக்கு துடித்தது. வினோதன் பழைய தயிர்ச்சட்டிகளைத் தேடிவந்து, ஆணியால் பக்குவமாகத் துளை போட்டுத் தந்தார். அவரே உடைத்ததை அவரே ஒட்டுகிறார் என்று அதற்கும் ஒரு குத்தல் சொன்னேன். சாய்ந்த விஸ்டேரியா பிழைக்கவில்லை, மிஞ்சிய விதைகளையும் போட்டுப் பார்த்தேன். எல்லாம் அழுகிப்போயின.

மாரி முடிந்த பிறகு ஒருநாள், பக்கத்து வளவுப் புனிதமக்காவின் கறிச்சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவ முல்லைத்தீவுக் கரையிலிருந்து இங்கே குடிவந்தவ. மாடு புகுந்த அன்றைக்கு என்னோடு சேர்ந்து மண் அள்ளினவ, "ஆம்பிளையளுக்கு ஒரு கவனமில்லை" என்று என்னோடு சேர்ந்து திட்டினவ. ஆள் கிணற்றடியில் நிற்கிறா என்று பின்பக்கம் போனேன். துவைகல்லுக்கு அருகில் ஒரு தயிர்ச்சட்டி. அதில் என் விஸ்டேரியாக் கொடி.

"இது எங்காலை அக்கா?"

புனிதமக்கா வாளியைக் கீழே வைத்தா. "உன்னட்டையிருந்துதான்."

"எப்ப?"

"நீங்கள் மல்லாவிக்குப் போன அண்டைக்கு."

"கேட்டிருந்தாத் தந்திருப்பனே."

"கேட்டு வாங்கினாப் பிடிக்காது பிள்ளை. களவெடுத்தாத்தான் துளிர்க்கும் எண்டு உனக்குத் தெரியாதே? அதுதான் ஆளில்லாத நேரமாப் பாத்து வந்தனான்."

"படலை?"

"ஒரு கையில வெட்டின கொப்பு, மற்றக் கையில கத்தி. பிறகு வந்து கொழுவுவம் எண்டு போனன். அடுப்பில மீன் கிடந்தது, மறந்துபோனன்."

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. கொடி போனதைக்கூட விடலாம். மாதக்கணக்காக மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று நான் அவரைத் திட்டுவதைக் காது குளிரக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறா.

"கோவிக்காதை. கொண்டு போ," என்றா. "நான் உள்ளுக்குப் போறன், நான் காணாத மாதிரி எடுத்துக்கொண்டு போ. அப்பதான் உனக்கும் பிடிக்கும்."

"ஒரு களவே போதும். நீங்களே தூக்குங்கோ. எங்கட வீட்டை வந்து அவருக்கு முன்னால வைச்சு, இப்ப எனக்குச் சொன்னதை அவருக்குச் சொல்லுங்கோ."

"ஐயோ, ஆம்பிளையிட்டையோ?"

"என்னோடை சேர்ந்து திட்டேக்கை வெக்கம் வரேல்லையே?"

முன்னால் அவ சட்டியோடு நடந்தா, பின்னால் நான். வினோதன் மாமர நிழலில் சட்டிக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தார். புனிதமக்கா சட்டியை அவர் காலடியில் வைத்து, தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னா. நான் அவருடைய முகத்தையே பார்த்தேன். நாலு வார்த்தை கேட்பார், என்னையும் சேர்த்துக் கேட்பார், கேட்கட்டும் என்று நின்றேன்.

அவர் ஆணியைக் கீழே வைத்தார். எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. படலையைத்தான் பார்த்தார்.

"அப்ப, நான் கொழுவினனான்," என்றார்.

அடுத்தநாள் காலை வேலைக்குப் போனவர், கம்பியை இழுத்துப் பார்க்கச் சந்தியிலிருந்து திரும்பி வரவில்லை. நான்தான் வெகுநேரம் படலையடியில் நின்றேன்.