கிணற்றுத் தண்ணீரில் சோதித்த மருந்து

பாலக்காட்டில் வண்ண மீன் கடை வைத்திருந்த சைனுதீன் ராவுத்தருக்கு, மீன் வைத்தியத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைப்பு. மீன்மேல் விழும் வெள்ளைப்புள்ளிக்கு மயில்துத்தம் என்ற செம்பு உப்பைக் கலந்து ஒரு மருந்து தயாரித்து, ‘சோதித்தது’ என்று சீட்டு ஒட்டி விற்றார். அதில் பொய்யில்லை. கடைக்குப் பின்னாலிருந்த கிணற்றுத் தண்ணீரில் பத்து மீன்களை விட்டு, மருந்து ஊற்றி, பத்து நாள் பார்த்தவர்தான். ஒன்றுகூடச் சாகவில்லை. அதற்குமேல் என்ன சோதனை என்று இருந்துவிட்டார்.

எழுபத்துநாலில், மூணாறு எஸ்டேட் மானேஜர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. பங்களாத் தொட்டியில் மருந்து விட்ட மறுநாளே மீன் அத்தனையும் செத்துவிட்டன. விட்டவள் வேலைக்காரி செபமாலையம்மாள். சொன்ன கணக்குக்கு மேல் ஒரு சொட்டும் விடவில்லை என்று சாதிக்கிறாள். மருந்தில் கோளாறு உண்டா? ராவுத்தருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முகம்கூடப் பார்த்திராத ஒருத்தியைப் பற்றி நின்ற நிலையில் பதில் எழுதினார். மருந்து சோதித்தது, ஊற்றியவள் கைதான் தாராளமாகியிருக்கும். தபாலில் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனார்.

அடுத்த மழைக்காலத்தில் கிணறு கலங்கிப்போக, மனைவி ஐசும்மா கூரைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து வைத்தாள். ராவுத்தர் அதைத் தொட்டியில் ஊற்றி, புள்ளி விழுந்த மீன்களுக்கு வழக்கமான அளவு மருந்து விட்டார். காலையில் எல்லாம் மல்லாந்து கிடந்தன. சந்தேகம் தட்டியது. கிணறு தெளிந்ததும் ஒரு பேசினில் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் மழைத் தண்ணீர், இரண்டிலும் ஒரே சொட்டுக்கணக்கு என்று வைத்துப் பார்த்தார். மழைத் தண்ணீரில் விட்டவை மட்டும் செத்தன.

அவருடைய கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் பானையில் சுண்ணாம்பாகப் படியும். அந்தச் சுண்ணாம்புதான் இத்தனை நாளும் துத்தத்தின் விஷத்தை அடக்கி வைத்திருந்தது. மலைத் தண்ணீருக்கு ஏது சுண்ணாம்பு? ஒரு குடம் வரவழைத்துப் பார்த்திருந்தாலே போதும். பெரிய வைத்தியருக்கு அது தோன்றவில்லை. வெட்கம் தாங்காமல் மூன்று நாள் கடை திறக்கவில்லை. நாலாம் நாள் உடுமலைப்பேட்டை போய் மூணாறு பஸ் ஏறினார்.

மானேஜர் அது பழைய கதை என்று சிரித்துவிட்டு, புது மீன் எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டார். ராவுத்தர் எழுதிய பதில் வந்த அன்றே செபமாலையம்மாளைப் பங்களாவிலிருந்து விலக்கித் தேயிலைக் கொழுந்தெடுக்க அனுப்பியிருந்தார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவளுக்கு மீனுக்கு விஷம் வைத்தவள் என்று பெயரே ஆகிவிட்டது.

லயத்து வாசலில் நின்று, குற்றம் தன்னுடையதுதான் என்று ராவுத்தர் சொல்லி முடித்தார். அவள் கூடையை இறக்கக்கூட இல்லை.

“அப்ப நா சரியாத்தான் ஊத்துனேனா, பாய்?”

“சரியாத்தான் ஊத்தினீங்கம்மா.”

“சோதிச்ச மருந்துன்னு நீங்க எழுதவும், எங் கைதான் தவறிருச்சுன்னு நானே நம்பிட்டேன். சாமியாருட்ட போயி, அத்தன உசுரையும் கொன்னது நாந்தான், தப்ப மறச்சுப் பொய்யும் சொன்னேன்னு பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். இப்ப அதுதான பாய் பொய்யாப் போச்சு?”