வாசலில் நின்ற நீண்ட வரி

இது நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பு நடந்தது. பக்கத்து இருக்கைப் பொற்கொடி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சரவணம்பட்டியில் உள்ள எங்கள் அலுவலகத்தில், கணினி நிரல் எழுதும் எடிட்டரில் ஒரு கோப்பைத் திறந்தால், கல்யாண மண்டபம் போல வாசலில் வரவேற்பு முடிந்த பிறகே அதன் வரிகள் திரைக்கு வரும். ஒவ்வொரு வார்த்தைக்கும் பன்னீர் தெளித்து, சந்தனமோ குங்குமமோ வைத்து நிறம் கொடுப்பார்கள். சின்னக் கோப்புகளில் இது தெரியாது. பஸ் டிக்கெட் கோப்பு மட்டும் காலையில் கிளிக் செய்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் திறக்கும்.

அன்று பொற்கொடியின் பயிற்சிக் காலம் முடிகிற நாள். அந்தக் கோப்பில் இருந்த பிழையை மாலைக்குள் திருத்தினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் திருப்பூரில், அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பனியனுக்குப் பிசிர் வெட்ட வேண்டும். அன்றைக்கோ சாப்பாட்டு நேரம் தாண்டியும் கோப்பு திறக்கவில்லை.

"என்னம்மா, திறந்துச்சா? இல்ல, முகூர்த்தம் பாக்கோணுமா?" என்றார் டீம் லீடர் சம்பத்.

பொற்கொடி எடிட்டரின் துணைக்கருவிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். கற்கண்டுத் தட்டு போனது. சந்தனக் கிண்ணம் போனது. கோப்பு திறக்கவில்லை. கணினியில் கூடுதல் மெமரி போட்டார்கள். உள்ளே மண்டபம் பெரிதானது. வாசல் அப்படியே இருந்தது.

கடைசியில் திரையின் ஓரமாகத் தலையை நுழைத்துப் பார்த்தார். வாசலை அடைத்துக்கொண்டு ஒரே ஒரு வரி நின்றது. எல்லா ஊர்ப் பெயர்களையும் யாரோ ஒரே வரியில் எழுதியிருந்தார்கள். அதன் தலை வாசலில் இருந்தது. வால் இன்னும் அவிநாசியில் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. மற்ற வரிகள் பட்டுடுத்தி, பின்னால் வியர்த்து நின்றன.

"நீங்க முன்னாடி போங்களேன்" என்றார் பொற்கொடி, அடுத்து நின்ற வரியிடம்.

"தாய்மாமனுங்க. அவர விட்டுட்டு எப்படிங்க போறது?" என்றது இரண்டாம் வரி.

மாமனை இரண்டாக வெட்டிவிடலாம் என்றார் சம்பத். பொற்கொடி மறுத்துவிட்டு, நீண்ட வரியின் முன்னால் போய்க் கும்பிட்டார்.

"மாமா, நீங்க என்ன விருந்தாளியா? நீங்கதானே நின்னு எல்லாரையும் வாங்கன்னு சொல்லோணும்!"

"இத காலைலயே சொல்லக்கூடாதா அம்மணி? நிக்க வெச்சே கொன்னுட்டீங்க" என்றது வரி. ஓரமாக நகர்ந்து, பன்னீர்ச் செம்பைக் கையில் வாங்கிக்கொண்டு, "வாங்க, வாங்க" என்று எல்லோரையும் உள்ளே அனுப்பியது.

கண் இமைப்பதற்குள் கோப்பு திறந்தது. பிழை முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தது. யார் அழைத்தது என்று பொற்கொடி கேட்டதும் எழுந்து போய்விட்டது.

சம்பத் கைதட்டினார். அந்த மாடி முழுவதும் எழுந்து நின்று தட்டியது. பொற்கொடி அம்மாவுக்குப் போன் செய்து, "நிரந்தரம்மா" என்று மட்டும் சொன்னாராம். மறுமுனையில் கத்தரிச் சத்தம் நின்றதாம்.

பிறர் சொன்னதை அப்படியே எழுத எனக்குப் பயம். அதனால் போன வாரம் அந்தக் கோப்பை நானே திறந்து பார்த்தேன். உடனே திறந்தது. மூடும்போது வரிகள் வரிசையாகத் தாம்பூலப் பை வாங்கிக்கொண்டு போயின. எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். தேங்காய் நன்றாக முற்றியிருந்தது. மறுநாள் சட்னி அரைத்தோம்.