மெதுவான பாட்டின்போது எடை போடுவதில்லை

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குச் செஞ்சி நெல் மண்டியில் எழுபத்தைந்து கிலோ மூட்டை ஒன்று அறுபத்தொரு கிலோ எடை காட்டியது. அன்று பொன்னிக்கு நல்ல கிராக்கி. பக்கத்துக் கொட்டகையில் சென்னையிலிருந்து வந்த ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் நாற்பது பேர், வரும் ஞாயிறு கச்சேரிக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முன்பு ஜெர்மனியிலும் ருஷ்யாவிலும் எழுதின சங்கீதம்; ரொமான்டிக் காலம் என்று அதற்குப் பெயர். முகூர்த்த மாதத்தில் கல்யாண மண்டபம் எதுவும் கிடைக்காததால், மூட்டை தூக்கும் கௌஸ் பாஷா மண்டி முதலாளியிடம் கேட்டு, ஒத்திகைக்கும் கச்சேரிக்கும் கொட்டகையை வாங்கித் தந்திருந்தார். அவர் மகள் இக்ரா அந்த ஆர்கெஸ்ட்ராவில் செல்லோ வாசிக்கிறாள். முட்டிகளுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கிற பெரிய பிடில். பதினொரு வருடமாக அவள் எந்த ஊரில் வாசித்தாலும் அன்றைக்கு இவருக்கு லோடு இருந்தது. ஒரு தடவைகூடப் போய்க் கேட்டதில்லை.

எடை குறைந்தால் நெல் காய்ந்துவிட்டது என்றுதான் மண்டியில் எண்ணுவார்கள். தளவானூர் விவசாயி அரிகிருஷ்ணன் தன் மூட்டையிலிருந்து நாலு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்தார். காலையில் இருந்த ஈரம் அப்படியே இருந்தது. கொட்டகையில் மெதுவான பாட்டு நின்றதும் எடை மிஷினில் எழுபத்தைந்து வந்தது. மறுபடி அதையே தொடங்கினார்கள். மூட்டை மிஷினை விட்டு நாலு விரல் மேலே எழுந்து நின்றது.

“இன்னா பாய், உன் பொண்ணு வாசிச்சா என் நெல்லு பதராப் பூடுதே! சாயந்தரத்துக்குள்ள இவங்கள பஸ் ஏத்து. இல்லாங்காட்டி நாங்க ஏத்தறோம்” என்றார் அரிகிருஷ்ணன்.

கௌஸ் பாஷா தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். “காலைல நீங்க எட போட்டுக்குங்கண்ணே. மத்தியானம் நாங்க லாரி ஏத்தசொல்ல அவங்க வாசிக்கட்டும். ஒரு நாள் பாருங்க.”

அன்று மத்தியானம், இரண்டு பேர் தூக்கிவிட ஒருவர் முதுகில் வாங்குகிற மூட்டைகளை ஆளுக்கொன்றாக ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு போனார்கள். வேகமான பாட்டு வந்தால் மட்டும் இறக்கி வைத்துவிட்டு பீடி பிடித்தார்கள். இருட்டும்வரை இழுக்கிற முந்நூறு மூட்டை, டீ வருவதற்குள் ஏறிவிட்டது. கூட வேலை செய்யும் கன்னியப்பன் கொட்டகைக்குள் தலையை நீட்டினான்.

“அந்த அழுவாச்சிப் பாட்ட இன்னொரு வாட்டி வைம்மா.”

“இதோட நாலு வாட்டிண்ணா, கை வலிக்குது” என்று சொல்லிக்கொண்டே இக்ரா வில்லை எடுத்தாள்.

இந்தக் கணக்கில் ஞாயிற்றுக்கிழமை லோடு சனிக்கிழமையே முடிந்துவிடும். வேலையில் காதில் விழுவதைக் கேட்டதாகச் சொல்ல முடியாது என்பதால், கௌஸ் பாஷா ஞாயிறன்று குளித்துவிட்டு முன் வரிசையில் உட்காரப் போகிறார். காலையில் போட்ட எடையெல்லாம் சரியாக வந்துவிட்டதால், அரிகிருஷ்ணனும் வீட்டாருக்கு ஏழு நாற்காலி பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறார். இக்ரா எழுதி மண்டி வாசலில் ஒட்டின நோட்டீசில் இடமும் நேரமும் மட்டுமே இருந்தன. வெள்ளிக்கிழமை கௌஸ் பாஷா அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தார்: சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காரவும்.