அஞ்சாம் நம்பர் மரத்துப் பிள்ளைகள்

திருப்பதி மலையடிவாரத்தில் காட்டு இலாகா போட்டிருந்த செம்மரத் தோட்டத்துக்கு வேதாச்சலம்தான் மேஸ்திரி. காட்டில் நல்ல மரங்களையெல்லாம் வெட்டிக் கடத்திக்கொண்டிருந்த காலம். மிஞ்சியவற்றில் காட்டுக்கு ஒன்றாகப் பொறுக்கி, அவற்றின் விதையில் கன்று போட்டு, வருங்கால விதைக்காக வளர்த்த தோட்டம் அது. ஒவ்வொரு கன்றின் அடியிலும் ஒரு தகரம், அதில் தாய்மரத்தின் நம்பர். ஒரே நம்பர் பக்கத்துப் பக்கத்தில் வரக்கூடாது. வந்தால் மனுஷனுக்குச் சாமி வந்துவிடும்.

வீட்டில் அதே மனுஷன் மனைவி வரலட்சுமிக்கு எதிரே வாய் திறக்கமாட்டார். அந்த அம்மாளோ, நகரியில் பவர்லூம் ஓட்டும் தன் தம்பி ஏழுமலைக்குத்தான் மகள் மனோரமா என்று முடிவு கட்டிவிட்டாள். தாய்மாமனைக் கட்டுவது ஊரில் நடப்பதுதான். ஆனால் மூக்கொழுக அந்த மாமன் இடுப்பில் உட்கார்ந்து தேர் பார்த்தவள் மனோரமா. அவனைப் புருஷனாக நினைத்தால் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது. அம்மாவிடம் அழுதாள், அம்மா அசையவில்லை. அப்பாவிடம் அழுதாள், அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

தட்டு மாற்றும் நாளுக்கு முந்தின சாயங்காலம், அவர் டீக்குப் போன நேரம் பார்த்து, மனோரமா ஒரு அஞ்சாம் நம்பர் கன்றைத் தகரத்தோடு பெயர்த்து இன்னொரு அஞ்சாம் நம்பர் பக்கத்தில் நட்டாள். பிறகு ஒன்றும் தெரியாதவள் போல் வீட்டில் உட்கார்ந்து பூ கட்டினாள்.

மறுநாள் சாப்பாடு முடிந்ததும், தட்டு மாற்றுவதற்கு முன்னால் மாமாவுக்குத் தோட்டத்தைக் காட்டலாமே என்றாள். எல்லோரும் போனார்கள். அஞ்சும் அஞ்சும் ஒட்டி நிற்பதைக் கண்டு வேதாச்சலம் குதித்தார். ஒரே ரத்தம் சேர்ந்தால் விதை சொத்தையாகும், முளைத்தாலும் நோஞ்சானாக நிற்கும், எந்தப் பாவி நட்டது என்று கத்தினார். அவரை அப்படிப் பார்த்தறியாத வரலட்சுமி ஓரடி பின்வாங்கினாள்.

மனோரமா பவ்யமாகக் கேட்டாள்: "அஞ்சாம் நம்பருக்கு ஒரு தம்பி மரம் இருந்தா, அதும் பக்கத்துல அஞ்சோட பிள்ளைய நடலாமா நைனா?"

"அதுவும் ஒரே ரத்தம்தானே? கூடவே கூடாது."

சொல்லிவிட்டு அவர் மனைவியைப் பார்த்தார். வரலட்சுமிக்கு முகம் சிவந்தது. ஏழுமலை நல்லவன், அக்கா பேச்சைத் தட்டத் தெரியாதவன். தகரத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அப்போ எனக்கு எத்தினி வரிசை தள்ளிப் பொண்ணு பாக்கறது மாமா?"

பாகாலா பக்கம் பார்க்கச் சொன்னார் வேதாச்சலம், கன்றுக்குக் குழி காட்டுகிற அதே குரலில்.

தட்டு மாறவில்லை. வரலட்சுமி யாரோடும் பேசாமல் பாத்திரங்களோடு பேசினாள். அப்பாவை நன்றாக ஏமாற்றிவிட்டோம் என்ற குஷியில், சாயங்காலம் கன்றைப் பழைய இடத்தில் நட மனோரமா கூடப் போனாள். அவர் குழியைத் தோண்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்:

"மாத்தி நட்டா ஒடனே தண்ணி ஊத்தணும் மனோ. விடியக்காலையில நான் பாத்து ஊத்தலன்னா இது செத்திருக்கும்."